எம்டன் கப்பல் அவ்ளோ நாள் எப்படி மாட்டாம சுத்துச்சு?

ஓடி_பையன்: எங்க ஆயா கடலூர் முதுநகர்ல வம்பு பண்ற பசங்கள "சரியான எம்டன்டா நீ"ன்னு தான் திட்டும். முதல் உலகப்போர்ல, 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ்ல குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல்னு தெரியும். டவுட்டு என்னன்னா, அப்ப ரேடார் கிடையாது சரி, ஆனா வயர்லெஸ் இருந்துச்சே, ஒருத்தருக்கொருத்தர் சொல்லி புடிச்சிருக்க மாட்டாங்களா?

பாண்டி_ரேடியோ: வயர்லெஸ்ஸாலதான் தப்பிச்சுதே தம்பி. அப்ப இருந்தது ஸ்பார்க் செட்டு, ரெண்டு உலோக முனைக்கு நடுவுல பொறி பறக்கவிட்டு மோர்ஸ் (புள்ளி, கோடுன்னு தந்தி சங்கேதம்) அடிக்கிறது. பக்கத்து பட்டறைல வெல்டிங் வெச்சா நம்ம ரேடியோல கர்ர்ருன்னு வரும்ல, அதே சமாச்சாரம், அடிச்சா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் கேக்கும். எம்டன் கேப்டன் முல்லர் தன் செட்ட வாய்பேச விடாம காது மட்டும் கேக்க வெச்சான். சத்தம் பலமா வந்தா எதிரி கிட்ட இருக்கான், மங்கலா வந்தா தூரம், ஆனா எந்தத் திசைன்னு மட்டும் தெரியாது. போதாக்குறைக்கு மூணு புகைபோக்கி கப்பல்ல பொய்யா நாலாவது ஒண்ணு நட்டு இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி வேஷம் வேற 😄

பழைய_துறைமுகம்: கடைசில மாட்டுனதும் அதே வயர்லெஸ்ல தான். நவம்பர் 9, இந்தியப் பெருங்கடல்ல இருக்கற கோகோஸ் தீவுல கடலடி தந்தி கேபிள வெட்டப் போனான், கூட வர வேண்டிய கரிக்கப்பல கூப்பிட வாயத் தொறந்தான், தீவுல இருந்த தந்தி ஸ்டேஷன்ல கேட்டுடுச்சு. ஏதோ தெரியாத கப்பல் வருது, எஸ்ஓஎஸ்னு அவங்க அடிக்க, எம்டன் குறுக்க சிக்னல் போட்டு கெடுத்துப் பாத்துச்சு, முடியல. ஆஸ்திரேலிய கப்பல் சிட்னி சுமார் 90 கிலோமீட்டர்ல இருந்துச்சு, மூணு மணி நேரத்துக்குள்ள வந்துட்டான். 6 இஞ்ச் பீரங்கி முன்னாடி எம்டனோட 4 இஞ்ச் பீரங்கி என்ன பண்ணும், அடி தாங்காம முல்லரே கப்பல பவளப்பாறைல மோதி நிறுத்திட்டான். இதுல ஒரு கூத்து, கரைல எறங்குன ஜெர்மன்காரங்க வயர்லெஸ் கம்பத்த சாய்க்கும்போது, டென்னிஸ் கோர்ட் மேல விழாம பாத்துக்கங்கன்னு ஸ்டேஷன்காரங்க கேட்டாங்களாம், அவனுங்களும் ஒத்துக்கிட்டானுங்க.

ஓடி_பையன்: செம்ம ணா. அப்ப கரைல எறங்குனவங்க கதி?

பழைய_துறைமுகம்: கப்பல் போச்சே, அங்க நின்ன ஆயிஷான்னு ஒரு பழைய பாய்மரக் கப்பல தூக்கிட்டு கிளம்பிட்டானுங்க, வழில கப்பல் மாறி அரேபியா போய், அங்கிருந்து கான்ஸ்டான்டிநோபிள் (இப்ப இஸ்தான்புல்) வரைக்கும் போய் சேந்துட்டானுங்க.

ஓடி_பையன்: ஆயா திட்டுனது இவனுங்களத்தான் போல 😂