தனுஷ்கோடிப் புயலைத் தேடினால் தங்கும் விடுதி வருகிறது

நண்பர்களுக்கு வணக்கம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது பற்றி அந்நாளில் வந்த பத்திரிகைச் செய்திகளை இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடுபொறியோ எனக்கு அறை பிடித்துத் தருவதிலேயே குறியாக இருக்கிறது! 'விடுதி', 'சுற்றுலா' ஆகிய சொற்களுக்கு முன் கழித்தல் குறி போட்டேன். குப்பை ஓரளவு குறைந்தது. ஆனால் மேற்கோள் குறிக்குள் 'தனுஷ்கோடி' என்று இட்டால், 'தனுஷ்கோடியில்', 'தனுஷ்கோடிக்கு' என்று எழுதிய பக்கங்கள் நழுவிவிடுகின்றனவோ என்று சந்தேகம். 'தனுக்கோடி' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு வேற்றுமை உருபாகத் தட்டித்தான் தேட வேண்டுமா? ஸ்கேன் செய்த பழைய இதழ்களுக்குள் சொல் தேட வழி உண்டா? பழகியவர்கள் சொல்லுங்கள். பாம்பன் ரயில் கடலில் மூழ்கிய செய்திதான் எனக்கு முதலில் வேண்டும்.