கேமராவுக்கு மாற்று பேட்டரி: எதை நம்பி வாங்குவது?

கேள்வி: மஞ்சக்குப்பம் படக்காரர்

வணக்கம். கடலூரில் பதினொரு ஆண்டுகளாகத் திருமணப் படம் எடுத்து வருகிறேன். என்னிடம் கேனான் ஆர்6 கேமராக்கள் இரண்டு உள்ளன. அவற்றோடு வந்த எல்பி-இ6என்ஹெச் பேட்டரிகள் தளர்ந்துவிட்டதால், சென்ற ஆண்டு இணையக் கடையொன்றில் மலிவாக, வேறு நிறுவனம் தயாரித்த இரண்டு மாற்று பேட்டரிகளை வாங்கினேன். ஆவணி முகூர்த்தம் ஒன்றில், கெட்டிமேளம் ஒலித்து மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த அந்த நொடியில், அதுவரை 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த பேட்டரி எச்சரிக்கை ஏதுமின்றி அணைந்துவிட்டது. உதவியாளரின் கேமராவில் படம் இருந்ததால் மானம் தப்பியது.

பிறகு அந்த பேட்டரியை வெளியே எடுக்க முயன்றால் வரவில்லை. கேமராவைக் கவிழ்த்து, உள்ளங்கையில் பத்து நிமிடம் மெதுவாகத் தட்டித்தான் எடுத்தேன். பக்கவாட்டில் ஒரு நெல்மணியின் பருமனுக்கு உப்பியிருந்தது. அதன் மேல் 7.2 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர் மணி, 13.4 வாட் மணி என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு அசல் பேட்டரியின் விலைக்கு மூன்று மாற்று பேட்டரிகள் கிடைக்கின்றன என்பதால் கேட்கிறேன்: இரண்டு லட்ச ரூபாய் கேமராவுக்குள் அசலைத் தவிர வேறெதையும் போடவே கூடாதா, அல்லது நம்பத்தக்க மாற்றைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: நெல்லித்தோப்பு பழுதுநீக்குநர்

ஐயா, உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த அச்சிலேயே இருக்கிறது. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். 3000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 3 ஆம்பியர் மணி; 7.2ஐ 3ஆல் பெருக்கினால் 21.6 வர வேண்டும், அவர்களோ 13.4 என்று போட்டிருக்கிறார்கள். 13.4ஐ 7.2ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 1860 மில்லி ஆம்பியர் மணிதான் வரும். விற்பதற்கு ஓர் எண், கணக்குக்கு ஓர் எண். கேனான் தன் எல்பி-இ6என்ஹெச்சுக்குச் சொல்வதே 2130தான். அதே அளவுப் பெட்டிக்குள் 3000 அடங்கும் என்பவரை நான் நம்புவதில்லை.

அது 40 விழுக்காட்டில் அணைந்ததற்கும் காரணம் உண்டு. இந்த பேட்டரிக்குள் இரண்டு கலங்கள் (செல்கள்) தொடராக இணைக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஒரே தரத்தில் தேர்ந்தெடுக்கப்படாவிட்டால், ஒன்றில் மின்னேற்றம் மீதியிருக்கும்போதே மற்றொன்று வற்றிவிடும். வற்றிய கலத்தைக் காப்பதற்காகப் பாதுகாப்புச் சுற்று முழு இணைப்பையும் துண்டித்துவிடும். சார்ஜ் ஏறும்போது இதே கோளாறு தலைகீழாக நடக்கிறது. முழு ஏற்றத்தில் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட், மொத்தம் 8.4 என்பது வரம்பு. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணிக்காத மலிவுச் சுற்றில், மொத்தம் 8.4ஐத் தொடுவதற்குள் ஒரு கலம் 4.2ஐத் தாண்டிவிடலாம். அப்போது உள்ளிருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயுவாகிறது. உங்கள் கையில் நெல்மணியாகத் தெரிந்தது அந்த வாயுதான்.

நான் பிரித்துப் பார்த்த மலிவு பேட்டரி ஒன்றில், வெப்பத்தை அளக்க வேண்டிய தெர்மிஸ்டர் இருந்த இடத்தில் ஒரு சாதாரண மின்தடையைப் பற்றவைத்திருந்தார்கள். பேட்டரி கொதித்தாலும் சார்ஜரிடம் "எல்லாம் நலம்" என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும். இந்தத் திருட்டுத்தனம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது.

உப்பியதை இனி சார்ஜில் போடாதீர்கள், துளையிடவும் வேண்டாம். உலோக முனைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

பதில்: ஊசுட்டேரிப் பறவையாளர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் அசலைத் தவிர மற்ற எல்லாமே ஆபத்து என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். நான்கு ஆண்டுகளாக, பெயர் தெரிந்த ஒரு நிறுவனத்தின் மாற்று பேட்டரியை ஊசுடு ஏரிக்கரையில் பயன்படுத்துகிறேன். அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவு அசலுடையதைவிடச் சற்றுக் குறைவு. அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

வாங்கும்போது இரண்டைப் பார்க்கிறேன். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தரநிலையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் மேலே இருக்க வேண்டும், அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். அடுத்தது எடை. அசல் ஏறத்தாழ 80 கிராம் இருக்கும். நண்பர் ஒருவர் "அசல்" என்று வாங்கியதைத் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தோம். 58 கிராம் காட்டியது. என் கணிப்பில் மாற்று பேட்டரியைவிட அபாயமானது இந்தப் போலி அசல்தான், ஏனென்றால் முன்னதை நாம் ஐயத்தோடாவது கையாள்கிறோம். பில் தராத கடையில் அசல் என்று எதையும் வாங்காதீர்கள்.

முதல் சார்ஜின்போது வீட்டில் விழித்திருங்கள். தரையில், துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, இடையிடையே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை பின்வாங்கினால் உடனே கழற்றிவிட வேண்டும். கேமராவின் பேட்டரி தகவல் பக்கத்தில் மீள்மின்னேற்றத் திறனை, அதாவது பேட்டரி இன்னும் எவ்வளவு நன்றாகச் சார்ஜ் ஏற்கிறது என்பதை, மூன்று கட்டங்களாகக் கேனான் காட்டும். அந்தப் பக்கத்தையே ஒரு பேட்டரி காட்ட மறுத்தால், அது கேமராவோடு சரியாகப் பேசவில்லை என்று பொருள். வேற்று பேட்டரி கசிந்தாலோ வெடித்தாலோ ஏற்படும் சேதத்துக்குக் கேனான் பொறுப்பல்ல என்று அதன் கையேடே கூறுவதையும் மறந்துவிட வேண்டாம்.

பதில்: வீராம்பட்டினம் உதவியாளர்

அண்ணா, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல பேட்டரியையும் நாமே கெடுக்கிறோம். கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் சூடு 50 பாகையை எளிதில் தாண்டிவிடும். அங்கே கிடந்த பேட்டரியை மண்டபத்துக்குள் கொண்டுவந்த கையோடு சார்ஜில் போடுவதைத் தினமும் பார்க்கிறேன். தேர்த் திருவிழாவைக் கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் முனைகளில் உப்புப் பூத்துவிடுகிறது. உலர்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக் மூடி போட்டு வைக்கிறேன். சீசன் இல்லாத மாதங்களில் முழுச் சார்ஜில் வைக்காமல் பாதியளவில் வைப்பது நல்லது.

பதில்: நெல்லித்தோப்பு பழுதுநீக்குநர்

தம்பி சொல்வது சரி. அசல் என்றாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நிக்கான் தன் இஎன்-இஎல்15 பேட்டரிகளில் குறிப்பிட்ட தொகுதிகளை, உள்ளே குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுச் சூடேறக்கூடும் என்று 2012இல் திரும்பப் பெற்றது. யாருடைய பேட்டரி அந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதை அதன் மேலிருந்த எண்ணை வைத்துத்தான் கண்டறிந்தார்கள். எனவே பில்லோடு அந்த எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: மஞ்சக்குப்பம் படக்காரர்

அனைவருக்கும் நன்றி. முகூர்த்தத்துக்கென்று பில்லோடு இரண்டு அசல், வரவேற்புக்கும் ஒத்திகைக்கும் பதிவெண் சரிபார்த்த இரண்டு மாற்று என்று வாங்கியிருக்கிறேன். நான்கிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டியாயிற்று. உப்பியது மணல் டப்பாவில், மொட்டைமாடிப் படிக்கட்டின் கீழ் நிழலில் இருக்கிறது. என்ன விதை போட்டிருக்கிறாய் என்று அம்மா தினமும் கேட்கிறார். கடலூரில் மின்கழிவு வாங்குபவர் யாரையாவது அறிந்தவர்கள் தெரிவித்தால், அம்மா அதில் தண்ணீர் ஊற்றுவதற்குள் கொடுத்துவிடுவேன்.