சூடானதும் லிஃப்ட் தூக்கவில்லை: பம்ப்பா, பிஸ்டன் ரப்பரா?

வண்டல்காரன்: அப்பா காலத்து 35 எச்.பி. டிராக்டர். பின்னால் மாட்டும் கருவியை ஆயில் அழுத்தத்தில் தூக்கும் பெர்குசன் முறை லிஃப்ட், அதன் பம்ப் பின்பெட்டிக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கும். காலையில், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஜம்மென்று தூக்குகிறது. பத்து மணிக்கு மேல் வண்டி சூடானதும் பாதி உயரத்தில் நின்று தலையாட்டுகிறது, வரப்பில் திரும்பினால் பிளேடு மண்ணை உரசுகிறது. மெக்கானிக் பம்ப் போச்சு என்கிறார். குறுவை உழவு தலைக்கு மேல் நிற்கிறது, என்ன செய்யலாம்?

மேட்டாங்காடு: மெக்கானிக் சொன்னது சரிதான் தம்பி. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், தேய்ந்த பம்ப்பும் ஒப்பேற்றிவிடும். சூட்டில் நீர்த்ததும் இடுக்கு வழியாக ஒழுகும், அழுத்தம் ஏறாது. என் வண்டியிலும் இதே கதை, பம்ப் மாற்றினேன், தீர்ந்தது.

ஸ்பேனர்: அண்ணே, சூட்டில் ஒழுகுவது பம்ப் மட்டும்தானா? லிஃப்டைத் தூக்கும் சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் பிஸ்டன் ரப்பர் நைந்தாலும் இதே மாதிரிதான் ஆகும். வண்டல்காரர் "தலையாட்டுகிறது" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், முக்கியமான விஷயம் அதுதான். தூக்கி நிறுத்திய பாரம் கொஞ்சம் இறங்கும், வால்வு திறந்து பம்ப் மறுபடி மேலே தள்ளும், திரும்ப இறங்கும். ஏற்றிய ஆயில் எங்கேயோ கசிகிறது என்றுதான் அர்த்தம். பம்ப் மட்டும் தேய்ந்திருந்தால் மெதுவாகத் தூக்கும், இல்லை தூக்கவே தூக்காது, இப்படி ஊஞ்சல் ஆடாது.

காவிரிக்கரை: இவ்வளவு எதற்கு? கெட்டியான 90 ஆயில் கலந்து ஊற்றுங்கள், ஒரு போகம் ஓடும். எங்கள் ஊரில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது.

ஸ்பேனர்: ஓடும், அதோடு நோய் எதுவென்றும் தெரியாமல் போகும். கெட்டி ஆயிலை பம்ப் உறிஞ்சத் திணறும். அந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், கையேட்டில் சொன்னதையே ஊற்றுங்கள். முதலில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் சேற்றுழவில் தண்ணீர் புகுந்துவிட்டது, மொத்தத்தையும் வடித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

வண்டல்காரன்: அளவு சரியாக இருக்கிறது, நிறமும் நன்றாகத்தான் இருக்கிறது. ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து இன்ஜினை நிறுத்தினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டது.

ஸ்பேனர்: சிலிண்டர் பக்கம்தான்.

மேட்டாங்காடு: அவசரப்படாதே. இன்ஜின் நின்ற பிறகு பாரத்தைப் பிடித்து வைப்பதில் பம்ப்புக்குள் இருக்கும் வால்வுகளுக்கும் பங்கு உண்டு, அவை சரியாக மூடாவிட்டாலும் இப்படித்தான் இறங்கும். இந்த ஒரு சோதனையை வைத்து ரப்பர்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?

ஸ்பேனர்: அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கண்ணால் பார்த்துவிடலாம். ஆயிலைக் கொஞ்சம் வடித்துவிட்டு, குச்சி இருக்கும் பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். பாரம் மேலே நிற்கும்போது டார்ச் அடித்தால் எங்கே பீய்ச்சுகிறது என்று தெரியும். மேலே சிலிண்டர் பக்கமிருந்து கொட்டினால் ரப்பர், கீழே கலங்கினால் பம்ப். ரோட்டவேட்டருக்கு அடியில் யாரும் நிற்காதீர்கள், பீய்ச்சும் இடத்தில் விரல் வைத்தும் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் ஆயில் தோலுக்குள்ளேயே ஏறிவிடும்.

மேட்டாங்காடு: பார்க்கட்டும். ஆனால் ரப்பர் மாற்றவும் சீட்டைக் கழற்றி லிஃப்ட் மூடியைத் தூக்கத்தான் வேண்டும், பம்ப்பை எடுக்கவும் அதே வேலைதான். மூடி எப்படியும் மேலே வருகிறது, பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம்.

ஸ்பேனர்: நல்ல பம்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு டூப்ளிகேட் பம்ப் மாட்டி அழுதவர்களும் இருக்கிறார்கள் அண்ணே.

வண்டல்காரன்: நேற்று டார்ச் அடித்துப் பார்த்தோம். மேலேயிருந்து விசிறி மாதிரி கொட்டுகிறது, கீழே அசைவே இல்லை. இன்று புளியமரக் கிளையில் செயின் பிளாக் கட்டி மூடியைத் தூக்கினோம். பிஸ்டன் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, நகம் பட்டாலே பிய்கிறது. சிலிண்டரில் விரல் வைத்துத் தடவினேன், கீறல் இல்லை. ரப்பர் மட்டும் மாற்றியிருக்கிறேன். மதியம் இரண்டு மணி வெயிலிலும் தூக்கியது தூக்கியபடி நிற்கிறது.

மேட்டாங்காடு: சந்தோஷம் தம்பி. சம்பா உழவு முடிந்ததும் அந்த பம்ப்பைப் பற்றி இங்கேயே வந்து எழுது.

ஸ்பேனர்: விடமாட்டீர்களே அண்ணே!