மேல்தாடை ‘விரிவாக்கம்’: வேறு சொல் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:

வணக்கம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான பல் சிகிச்சைக் குறிப்புத்தாளைச் சரிபார்த்து வருகிறேன். பிள்ளைகளின் ஒடுங்கிய மேல்தாடையைத் திருகு வைத்து அகலமாக்குவதற்கு ‘மேல்தாடை விரிவாக்கம்’ என்று போட்டிருக்கிறது. சாலை விரிவாக்கம் மாதிரி ஒலிக்கிறது. பழந்தமிழில் அகற்றுதல் என்றால் அகலமாக்குவதும்தான். ‘மேல்தாடை அகற்றம்’ என வைக்கலாமா? அண்ணத்தின் நடுவே இரண்டு எலும்பும் சேரும் கோட்டை ‘அண்ணத் தையல்’ எனலாமா? மருத்துவர்கள் சொல்லுங்கள்.

ஊட்டியிலிருந்து:

வணக்கம் ஐயா.

> ‘மேல்தாடை அகற்றம்’ என வைக்கலாமா?

வேண்டாம். இன்றைக்கு அகற்றுவது என்றால் எடுத்துவிடுவது. தாடையை எடுக்கப்போகிறார்கள் என்று பயந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ‘தையல்’ என்றால் எத்தனை தையல் என்று கேட்பார்கள். ‘பொருத்து’ போதும்: அண்ணப் பொருத்து. எலும்பை விலக்குவதற்குப் ‘பிளத்தல்’ என்று எழுதுவதும் கூடவே கூடாது. அண்ணப்பிளவு என்பது பிறவிக் குறை.

‘விரிவாக்கம்’ எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் காரணம் வேறு. பல் வெளிப்பக்கம் சாய்ந்தாலும் பல்வரிசையின் வளைவு விரியும், எலும்பு விலகினாலும் விரியும். இந்தச் சிகிச்சையில் நாம் கேட்பது இரண்டாவது மட்டும். சிறுவயதில் அண்ணப் பொருத்து இரண்டு பலகை விளிம்புகளை ஒட்டி வைத்தது போல இருக்கும். வளர வளர ஒரு விளிம்பின் மேடு மற்றதன் பள்ளத்தில் புகுந்து பூட்டிக்கொள்ளும். பதின்வயதின் நடுவில், பெண்பிள்ளைகளுக்கு இன்னும் சற்று முன்பே, பூட்டு இறுகத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு திருகினால் பொருத்து அசையாது. கடைவாய்ப்பல்தான் கன்னப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்து எலும்பு மெல்லிசு, ஈறு இறங்கி வேர் தெரியும். அப்போது எலும்பிலேயே சிறு திருகாணி பதித்தோ அறுவை செய்தோதான் விலக்க வேண்டும்.

‘காலை அகட்டி நில்’ என்கிறோமே, அந்த ‘அகட்டு’ பொருந்தும். ஒட்டியிருக்கும் இரண்டை விலக்கி வைப்பது. மேல்தாடை அகட்டல், கருவிக்கு அகட்டி. ‘மேல்’ கட்டாயம் வேண்டும். கீழ்த்தாடையின் இரு பாதியும் பிறந்த முதல் ஆண்டிலேயே ஒன்றாகிவிடும், அங்கே அகட்டப் பொருத்தே கிடையாது.

கோத்தகிரியிலிருந்து:

அகட்டல் நன்றாக இருக்கிறது, டாக்டர். ‘அண்ண அகட்டல்’ என்றால் புணர்ச்சியில் ‘அண்ணவகட்டல்’ ஆகி வாயில் நுழையாது. மேல்தாடை என்றே இருக்கட்டும். தாளில் ‘தினமும் இரண்டு திருகு’ என்று இருக்கிறதே, அது சரியா?

ஊட்டியிலிருந்து:

அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். இரண்டு முழுச் சுற்று என்று எடுத்துக்கொண்டால் நான்கு மடங்கு ஆகிவிடும். ‘கால் சுற்று’ என்றே எழுதுங்கள். வழக்கமான திருகில் கால் சுற்று 0.25 மி.மீ. காலை ஒன்று, மாலை ஒன்று: நாளுக்கு அரை மில்லிமீட்டர், 14 நாளில் 7 மி.மீ. எல்லோருக்கும் இதே கணக்கு இல்லை, எத்தனை நாள் என்பதை மருத்துவர் கையால் எழுத இடம் விடுங்கள். இது வேக அகட்டல். வாரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் போவது மெது அகட்டல்.

திருகைச் சுற்றும் சாவியில் ஒரு முழ நூல் கட்டி, மறுமுனையைத் திருகுபவர் விரலில் சுற்றிக்கொள்ள வேண்டும். நழுவினால் தொண்டைக்குள் போய்விடும். முன்னால் தெரியும் துளையில் சாவியை விட்டுத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுங்கள். அடுத்த துளை முன்னால் முழுதாகத் தெரிந்தால்தான் கால் சுற்று முடிந்தது. பலர் தவறுவது சாவியை எடுக்கும்போது: முன்பக்கமாக இழுத்தால் சுற்று திரும்பி வந்துவிடும், மாலையில் சாவி நுழையத் துளை இருக்காது. பின்பக்கமே சற்றுத் தாழ்த்தி உருவ வேண்டும். வர்க்கித் தூள் அந்தத் துளையை அடைக்கும். தின்றால் கொப்பளித்து, பிரஷ் போட்ட பிறகே திருகட்டும்.

முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். பெற்றோர் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், ஆனால் அதுதான் பொருத்து விலகியதற்கு அடையாளம். 1860-இல் அமெரிக்காவில் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் ஒரு சிறுமிக்குத் திருகு வைத்து எலும்பு விலகியதாக எழுதியபோது எக்ஸ்ரே கிடையாது. அவர் காட்டக்கூடிய சான்று இந்தச் சந்துதான். சில மாதங்களில் தானாக மூடிக்கொள்ளும். ஒரு வாரமாகியும் சந்து விழாமல் வலி மட்டும் கூடினால் திருகுவதை நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். கருவியைப் பிடித்து வைக்கும் பட்டை பல்லை விட்டுக் கழன்று ஆடினாலும் அப்படியே. மூக்குத்தண்டில் சில நிமிட அழுத்தம், எச்சில் ஊறுவது, பேச்சுக் குழறல் எல்லாம் இயல்பு.

திருகி முடிந்ததும் கருவியைக் கழற்றக் கூடாது. விலகிய இடத்தில் புது எலும்பு நிரம்ப மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்குள் கழற்றினால் தாடை பழையபடி ஒடுங்கும். தாளில் ‘தக்கவைப்புக் காலம்’ என்று இருக்கிறது, அது யாருக்கும் புரியாது.

கோத்தகிரியிலிருந்து:

முறிந்த எலும்பு சேர்வதை ஊரில் ‘எலும்பு கூடிருச்சு’ என்பார்கள். ‘கூடுகாலம்’ என்று வைக்கிறேன், டாக்டர். வரி இப்படி இருக்கும்: “திருகி முடிந்த பின் மூன்று முதல் ஆறு மாதம் கூடுகாலம். திருக வேண்டாம். அகட்டி வாயிலேயே இருக்கும்.”

ஊட்டியிலிருந்து:

இது போதும். சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.