பேப்பர் வேலைய விட்டுட்டன், ப்ரீலான்ஸ் எடிட்டிங்குக்கு எப்படி காசு கேக்கிறது?

வெள்ளவத்தை பேனா:
12 வருசம் கொழும்பில ஒரு பேப்பர்ல சப் எடிட்டரா இருந்தனான், இப்ப வீட்டில இருந்து எடிட்டிங், பக்க வடிவமைப்பு, எழுதிக் குடுக்கிறது எல்லாம் செய்யிறன். போன மாசம் ஒரு ஐயா கவிதைப் புத்தகம் தந்தவர், எழுத்துப்பிழை மட்டும் பாருங்கோ எண்டவர் பிறகு அட்டை, பின்னட்டைக் குறிப்பு எல்லாம் அதே காசுக்குள்ள கேட்டார், வயசான மனுசன், மறுக்க மனம் வரேல்ல. நீங்க பக்கத்துக்கா மணித்தியாலத்துக்கா கேக்கிறனீங்க?

கொட்டாஞ்சேனை அச்சு:
பக்கத்துக்கு எண்டு கேக்காதேங்கோ. ஒராள் எழுத்த 14 பொயின்ட் அளவில அடிப்பார், இன்னொராள் 10ல. சொல்லுக் கணக்கு தான் நியாயம். பாமினி எண்ட பழைய எழுத்துருவில வாற கோப்ப, பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாத்திறதுக்கு கட்டாயம் தனியாப் போடுங்கோ, சில கன்வேர்ட்டர்ல 'கொ' வந்து கொம்பு ஒரு பக்கம் அரவு ஒரு பக்கமாப் பிரிஞ்சு கிடக்கும், ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் பாத்து கண் எரிஞ்ச நாள் எனக்கு நிறைய.

தெஹிவளை வாசகன்:
பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருள்ல வேர்ல்ட் ரெடி கம்போசர் எண்ட அமைப்பப் போட்டுட்டு வேலையத் தொடங்குங்க, இல்லாட்டி அங்கயும் கொம்பு இடம் மாறும். ஐஎஸ்பிஎன் எண்ட புத்தக அடையாள இலக்கம் கொழும்பு 7ல இருக்கிற தேசிய நூலகத்தில எடுக்கிறது, அதுக்கு அலையிறது நீங்களா புத்தகம் எழுதினவரா எண்டு முதல்லயே கதைச்சு வாட்ஸ்அப்பில எழுத்தில வாங்குங்க. அரைவாசிக் காசு கைக்கு வராம கோப்பத் திறக்காதீங்க.

வெள்ளவத்தை பேனா:
நன்றி. ஐயாட்ட அட்டைக்கு வேற காசு எண்டு இண்டைக்கே சொல்லப்போறன்.