சம்பலுக்கு எதற்கு மரணம்?

மஸ்கெலியாக்காரன்:
நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், இருக்கிறோம். மகன் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு உடுப்புக் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வந்திருந்தான். காலையில் என் அம்மா ரொட்டி சுட்டு, அம்மியில் தேங்காய்ச் சம்பல் அரைத்துக் கொடுத்தார். ஒரு வாய் வைத்தவன், "அப்பாயி, மரணம்!" என்று கத்தினான். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, காது மந்தம். அடுப்படியில் இருந்தபடியே, "யாருடா? எந்த லயத்துல?" என்றார். பக்கத்துக் காம்பரா அக்காவும் ஓடி வந்துவிட்டார். எழவு ஒன்றும் இல்லை, சம்பல் நன்றாக இருக்கிறதாம் என்று விளங்கப்படுத்துவதற்குள் அடுப்பில் கிடந்த ரொட்டி கருகிவிட்டது.

இது மட்டுமா? டவுனுக்குப் போய் வந்தால் 'சம்பவம்', புதுச் செருப்பு 'வேற லெவல்', நான் வாயைத் திறந்தால் 'பூமர்'. நடுவில் 'சூப்பர்' என்பதற்குச் சிங்களப் பொடியன்களின் 'எல', 'பட்ட' வேறு. எனக்கு மட்டும்தான் பத்திக்கொண்டு வருகிறதா?

பதுளை வண்டி:
அண்ணே, காலையில் வேலைக்குப் பேர் போடக் கூடுகிறோமே, அந்த 'பெரட்டு' எந்த ஊர்த் தமிழ்? தோட்டத்து வெள்ளைக்காரத் துரை 'பரேட்' என்றதை நம்ம ஆட்கள் பெரட்டு ஆக்கினார்கள். நீங்கள் எழுதிய காம்பரா, போர்த்துக்கீசம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போடுவதற்கும் முன்னால், கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நடந்தே வந்த பெரிசுகள் இதையெல்லாம் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம், நம்ம 'மச்சானை' சிங்களப் பொடியன்கள் நாள் முழுக்கச் சொல்கிறார்களே, திருப்பிக் கேட்டோமா?

மஸ்கெலியாக்காரன்:
பெரட்டு வேலைக்கு வேண்டிய சொல், தம்பி. விடியக் களத்தில் நின்றால்தான் அன்றைக்குப் பேர் விழும். 'வேற லெவல்' இல்லாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? உறைப்பும் புளிப்பும் சரியாக நிற்கிறது என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

கொப்பி திருத்தும் டீச்சர்:
எனக்கும் பிடிக்காதுதான். 'பாரதியார் கெத்தானவர்' என்று கட்டுரை எழுதியவனுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டவள் நான். ஆனால் பொகவந்தலாவைப் பக்கம் படிப்பிக்கிறேன், ஒன்று பார்த்திருக்கிறேன். கொழும்புக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் 'லயம்', 'பீலி' மாதிரித் தோட்டத்துச் சொல் வாய் தவறி வந்தால் போதும், "தோட்டமா?" என்று கேட்பார்கள். சில இடங்களில் 'தோட்டக்காட்டான்' என்றே சொல்வார்கள். 'வேற லெவல்' என்கிறவன் யாழ்ப்பாணமா, கொட்டாஞ்சேனையா, நம்ம பிள்ளையா என்று ஒருவருக்கும் பிடிபடாது. டிக்டாக் தமிழுக்கு ஊர் கிடையாதே. உங்கள் மகனும் அதற்காகத்தான் பேசுகிறான் என்று சொல்ல வரவில்லை. கேட்டுப் பாருங்கள்.

மஸ்கெலியாக்காரன்:
நேற்று ராத்திரி போனில் கேட்டேன், டீச்சர். கடையில் ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று. "ஹட்டன் டவுன்" என்றான். எங்கள் லயத்திலிருந்து ஹட்டன் பஸ் பிடிக்கவே மூன்று கட்டை நடக்க வேண்டும்.