கேஷ்பேக் கார்டா, சனி ஞாயிறு வேலையா? மாதம் 3,000 கூடுதலாக வேண்டும்

ஒண்டிப்புதூர்க்காரன் கேட்டது:

ஊர் கோவை. கைக்கு வரும் சம்பளம் 48,000. மாதச் செலவு இப்படி: வாடகை 11,000. மளிகை, காய்கறி, பால் 9,000 (அதில் சூப்பர் மார்க்கெட் 3,500, மீதி தெருக்கடை). பெட்ரோல் 2,500. மொபைல், நெட், கேஸ் 2,000. ஆன்லைனில் வாங்குவது 4,000. சீட்டு 5,000. ஊருக்கு அனுப்புவது 5,000. பையனின் பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு மூன்று தவணை, ஒவ்வொன்றும் 14,000.

இருக்கும் கிரெடிட் கார்டில் 40,000 நிலுவை. நான்கு மாதமாக மினிமம் ட்யூ (குறைந்தபட்சமாகக் கட்ட வேண்டிய தொகை) மட்டும் போகிறது. வட்டி மாதம் 3.75% என்று போட்டிருக்கிறது.

வேறொரு வங்கியிலிருந்து புதுக் கார்டு தருகிறோம் என்கிறார்கள். ஆன்லைனுக்கு 5%, மற்றதற்கு 1% கேஷ்பேக். ஆண்டுக் கட்டணம் 999, வருடம் 2 லட்சம் செலவழித்தால் தள்ளுபடி. இதை வாங்கலாமா? இல்லை சனி, ஞாயிறு பைக்கில் டெலிவரிக்குப் போகலாமா? வீட்டம்மா பி.எஸ்சி. கணக்கு, டியூஷன் எடுக்கவும் தயார். மாதம் 3,000 தேற வேண்டும்.

---

பைசாக்கணக்கு:

இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் சார். 40,000க்கு 3.75% என்றால் மாதம் 1,500 வட்டி. அதன் மேல் 18% ஜிஎஸ்டி 270. ஆக 1,770. நீங்கள் தேடும் 3,000த்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே அந்த ஓட்டை வழியாகத்தான் போகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. இன்றைக்கு 500 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் அதற்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் முதல் வேலை, அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துவது.

இரண்டாவது, கடனை இடம் மாற்றுவது. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன். ஆண்டுக்கு 10% என்று வைத்தால் 40,000க்கு மாத வட்டி 333. மாதம் 1,437 மிச்சம், ஒரு மணி நேரம்கூட உழைக்காமல். நகைக்கடனில் கோளாறு எங்கே வருமென்றால், வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் திருப்பி வைப்பதில். அசலில் பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று வைக்கும் முன்பே கேளுங்கள். விட்டால் மாதம் 3,517 வீதம் கட்ட, 12 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மதிப்பீட்டாளர் கட்டணம் தனியாக இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகை இல்லையென்றால் அதே கார்டு வங்கியிடம் நிலுவையை ஈஎம்ஐயாக மாற்றக் கேட்கலாம். கெடு தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். 16%க்கு 12 தவணை என்றால் மாதம் 3,629. வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி, ஒருமுறை பிராசசிங் கட்டணம் தனி. நகைக்கடனை விட மோசம், 3.75%ஐ விட எவ்வளவோ மேல். சீட்டை எடுத்து அடைக்கலாமே என்று தோன்றும். தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

முழுவதும் கட்டிய பிறகும் அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி வரும். ஸ்டேட்மென்ட் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரை ஓடிய வட்டி அது. பிழை என்று நினைத்து விட்டுவிட்டால் அதற்கும் தாமதக் கட்டணம் விழலாம். பிறகு ஆட்டோ டெபிட் போடும்போது 'டோட்டல் ட்யூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'மினிமம் ட்யூ' டிக் ஆகியிருந்தால் பில் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற நினைப்பிலேயே மாதங்கள் போய்விடும்.

---

மெர்ச்சன்ட் கோட்:

கார்டுக் கணக்கை நான் போடுகிறேன். மாதம் 40,000 செலவு, 2% வந்தாலும் 800 என்று மனக்கணக்கு போடுவது வழக்கம். செலவில் எவ்வளவு கேஷ்பேக்குக்குத் தகுதி என்பதுதான் விஷயம்.

ஆன்லைன் 4,000க்கு 5% = 200. சூப்பர் மார்க்கெட் 3,500க்கு 1% = 35. அவ்வளவுதான். பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் கேஷ்பேக் கிடையாது. கார்டில் கட்டுவதற்காகப் பிடிக்கும் 1% சர்சார்ஜைத் திருப்பித் தருவார்கள், அதன் மேல் விழுந்த ஜிஎஸ்டி திரும்பாது. மொபைல், நெட், கேஸ் எல்லாம் யூட்டிலிட்டி வகை, பல கார்டுகளில் விலக்குப் பட்டியலில் இருக்கும். வாடகையைக் கார்டில் கட்ட முடிந்தாலும் பல வங்கிகள் 1% கட்டணம் வாங்கும், கேஷ்பேக் தராது. பள்ளிக் கட்டணத்தை மூன்றாம் ஆள் செயலி வழியாகக் கட்டினாலும் பல வங்கிகள் 1% பிடிக்கின்றன. பள்ளி அலுவலகத்தில் இருக்கும் மெஷினிலோ பள்ளியின் சொந்தத் தளத்திலோ கட்டினால் அது இல்லை.

ஆக மாதம் 235, வருடம் 2,820. கட்டணம் 999ம் ஜிஎஸ்டியும் 1,179. மிச்சம் 1,641. மாதத்துக்கு 137 ரூபாய். கட்டணமே இல்லாத, ஆன்லைனுக்கு 3% தரும் கார்டு கிடைத்தால் 120 + 35 = 155 வரும், வருடம் 1,860. 5%ஐ விட 3% உங்களுக்கு அதிகம் தருகிறது! தள்ளுபடிக்காக 2 லட்சத்தை எட்டலாம் என்றால், இந்த இரண்டு இனத்திலும் உங்கள் செலவு வருடம் 90,000தான். 1,179ஐ மிச்சம் பிடிக்க இன்னும் 1,10,000க்கு எதையாவது வாங்க வேண்டும்.

விலக்கு எப்படி முடிவாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயரைப் பார்த்து இல்லை, அந்தக் கடைக்குக் கொடுத்திருக்கும் நான்கு இலக்க வணிகக் குறியீட்டை வைத்து. மளிகை 5411, பெட்ரோல் பங்க் 5541, யூட்டிலிட்டி 4900, வாடகை 6513. கடை மெஷின் வேறு குறியீட்டில் பதிவாகியிருந்தால் மளிகை வாங்கியும் கேஷ்பேக் வராது, கஸ்டமர் கேரிடம் வாதாடியும் பயன் இருக்காது.

தெருக்கடைக்கு ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைக்கலாம். வணிகர் க்யூஆராக இருந்தால்தான் வேலை செய்யும். கடைக்காரர் தன் சொந்த எண்ணின் க்யூஆரை ஒட்டியிருந்தால் கிரெடிட் கார்டில் போகாது. தெருக்கடை 5,500க்கும் 1% வந்தால் 55 ரூபாய்.

புள்ளி தரும் கார்டு என்றால் ஒரு புள்ளி எத்தனை பைசா என்று கேளுங்கள். '100 ரூபாய்க்கு 2 புள்ளி' பெரிதாகத் தெரியும். புள்ளி 25 பைசா என்றால் வெறும் 0.5%. அந்த மதிப்பும் நிலையில்லை. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் மாதம் 1 லட்சம் செலவழித்தால் 25,000 புள்ளி தந்துகொண்டிருந்தார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் அதை நிறுத்தி, ஆண்டுக் கட்டணத்தை 10,000லிருந்து 12,500 ஆக்கினார்கள். புள்ளியைச் சேர்த்து வைப்பது சேமிப்பு இல்லை, வந்ததும் பணமாக்கிவிட வேண்டும்.

---

டீக்கடை பெஞ்ச்:

இவ்வளவு கணக்கு எதுக்கு? நண்பர்கள், சொந்தக்காரர்கள் பில்லை எல்லாம் உங்க கார்டில் போட்டுட்டு அவங்ககிட்ட யூபிஐயில் வாங்கிக்கங்க. 2 லட்சம் சுலபமா வரும், கேஷ்பேக் உங்களுக்கு.

---

மெர்ச்சன்ட் கோட்:

@டீக்கடை பெஞ்ச், 40,000 நிலுவை உள்ளவரிடம் சொல்லும் யோசனையா இது? ஒருத்தர் பத்து நாள் இழுத்தால் அவர் பில்லுக்கும் இவர்தான் வட்டி கட்ட வேண்டும். தவிர, ஒரு வருடத்தில் கார்டு பில்லாக 10 லட்சமோ மேலோ கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சத்திலேயே. மாதம் 48,000 சம்பளக்காரருக்கு, துறை விளக்கம் கேட்டால் பதில் எழுதும் வேலை தேவையில்லை. கடையில் தேய்த்து 2% கமிஷன் போகப் பணமாக வாங்குவது இன்னும் மோசம், வங்கி கார்டையே முடக்கும்.

---

வாரக்கூலி:

வேலை பக்கம் நான் சொல்றேன். டெலிவரியில 'வாரத்துக்கு இவ்வளவு'ன்னு விளம்பரத்துல வர்றதைப் பார்க்காதீங்க. கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவுன்னு முதல்ல பாருங்க. 45 மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய்ன்னா கிலோமீட்டருக்கு 2.20. டயர், ஆயில், செயின், பிரேக் சேர்த்து 3 ரூபாய் வைங்க. ஒரு ஆர்டருக்குக் காலியாத் திரும்புறதையும் சேர்த்து 6 கிலோமீட்டர்னா 18 ரூபாய் வண்டிக்கே போயிடும். ஆர்டருக்கு 40 கிடைச்சா கையில 22. மணிக்கு ரெண்டு ஆர்டர்னா 44 ரூபாய். மாசம் 40 மணி நேரம் ஓட்டினா 1,760. திரும்புற தூரத்துக்குக் காசு வராதுங்கறதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க.

இன்னொரு சிக்கல் இன்ஷூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில கூலிக்கு ஓட்டினா கவர் இல்லைன்னு இருக்கும். டெலிவரி நேரத்துல விபத்துன்னா கிளெயிமை நிராகரிக்க அதுவே போதும். நிறுவனம் தர்ற விபத்துக் காப்பீடு உங்களுக்கு மட்டுமா, வண்டிக்கும் சேர்த்தான்னு எழுத்துல பார்த்துட்டு இறங்குங்க.

டியூஷன் வேற கதை. ஆறு பிள்ளைங்க, ஆளுக்கு 700ன்னா 4,200. வாரத்துக்கு 5 நாள், தினம் ஒன்றரை மணி நேரம், மாசம் 32 மணி. மணிக்கு 130 ரூபாய். முதலீடு ஒரு வெள்ளைப் பலகை, பேனா, பாய்.

கெட்டுப்போறது மூணு இடத்துல. ஒண்ணு, மூணாவதையும் ஒன்பதாவதையும் ஒரே நேரத்துல உட்கார வைக்கிறது. ரெண்டு கூட்டமும் கத்துக்காது, ரெண்டு மாசத்துல நின்னுடும். 6 முதல் 8 வரைக்கும் ஒரே பேட்ச் போதும், அதுலயும் கணக்கு மட்டும். ரெண்டு, ஃபீஸ். மாசம் பொறந்து 5 தேதிக்குள்ள முன்பணமா வாங்கணும். மாசக் கடைசியில வாங்கினா பாதிப் பேர் பாக்கி வைப்பாங்க. மூணு, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரைக்கும் வரும்படி இருக்காது. அதனால 4,200ஐ 12 மாசத்துக்குப் போடாதீங்க, 10 மாசத்துக்குப் போடுங்க: வருஷம் 42,000, சராசரி 3,500. வீட்டு ஓனர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வாசல்ல ஆறு செருப்பு கிடந்தா கேட்பாங்க.

'வீட்டிலிருந்தே டாஸ்க், லைக் போட்டா காசு'ன்னு டெலிகிராம்ல வந்தா வேண்டாம். முதல்ல 150 ரூபாய் தருவாங்க, அப்புறம் டெபாசிட் கேட்பாங்க. உங்க வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கறவங்க இன்னும் ஆபத்து, போலீஸ் கணக்குக்காரரைத்தான் தேடி வரும். பணம் போயிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கணும்.

---

சோழிங்கநல்லூர் ஷிஃப்ட்:

நடுவில் ஒரு கேள்வி. எனக்குச் சம்பளம் வருடம் 12.60 லட்சம், புதிய வரி முறை. வார இறுதியில் ஆன்லைன் வகுப்பு எடுத்தால் செலவு போக 80,000 வரும். எடுக்கலாமா?

---

வரிமேசை:

உங்களுக்கு அது வில்லங்கம். 2025-26 நிதியாண்டுக் கணக்கு: 12.60 லட்சத்தில் நிலைக்கழிவு 75,000 போக 11.85 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. 80,000 சேர்ந்தால் 12.65 லட்சம். வழக்கமான கணக்கில் வரி 69,750. ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய தொகையை விட வரி அதிகமாகக் கூடாது என்ற சலுகை இருப்பதால் 65,000. 4% செஸ் 2,600 சேர்த்து 67,600. 80,000 சம்பாதித்து 12,400 மிஞ்சும்.

12 லட்சத்துக்கும் சுமார் 12.70 லட்சத்துக்கும் நடுவில் கூடும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போகிற பள்ளம் இது. தாண்டினால் 15% படிக்கு வந்துவிடும்.

வழி ஒன்று உண்டு. நிறுவனத்தின் பங்காக என்பிஎஸ்ஸில் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) அடிப்படைச் சம்பளத்தின் 14% வரை போடுவதற்குப் புதிய முறையிலும் கழிவு உண்டு. உங்கள் அடிப்படை 6.30 லட்சம் என்றால் 88,200 வரை இடம் இருக்கிறது. மொத்தச் சம்பளத்துக்குள்ளேயே 65,000ஐ அப்படி மாற்றித் தரச் சொல்லி எச்ஆரிடம் கேளுங்கள். 12 லட்சத்தில் நின்றுவிடும், வரி இல்லை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி நீண்ட காலம் பூட்டிக் கிடக்கும், அதைத் தெரிந்து செய்யுங்கள். வகுப்பு வருமானம் வந்த வருடம் ஐடிஆர்-1 (சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய வரிப் படிவம்) போடக் கூடாது. வேலை ஒப்பந்தத்தில் வேறு வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

முதலில் கேட்டவருக்கு இந்தத் தொல்லை இல்லை. டியூஷன் வீட்டம்மா பெயரில், அவர் வங்கிக் கணக்கிலேயே வரட்டும். வேறு வருமானம் இல்லையென்றால் 42,000க்கு வரி கிடையாது.

---

ஒண்டிப்புதூர்க்காரன்:

நகைக்கடனுக்கு நாளை வங்கியில் கேட்கிறேன். ஜூனில் ஆறு பிள்ளைகளோடு டியூஷன். டெலிவரி வேண்டாம். கட்டணமில்லாக் கார்டை எப்போது கேட்கலாம்? வேண்டாத புதுக் கார்டைத் தபாலில் அனுப்பிவிட்டால்?

---

பைசாக்கணக்கு:

வந்தால் ஓடிபி எதையும் சொல்லாதீர்கள். 30 நாள் செயல்படுத்தாமல் இருந்தால் வங்கி உங்கள் சம்மதத்தை ஓடிபி வழியாகக் கேட்க வேண்டும், தரவில்லையென்றால் கட்டணமில்லாமல் கணக்கை மூட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதி. அதே விதிப்படி, நிலுவை இல்லாத கார்டை மூடச் சொல்லி 7 வேலை நாளில் மூடவில்லையென்றால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மூடக் கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள், தேதி கையில் இருக்கும்.

கட்டணமில்லாக் கார்டுக்கு, பழைய கார்டில் இரண்டு ஸ்டேட்மென்ட் பூஜ்யமாக வரும்வரை பொறுங்கள். கடன் தகவல் நிறுவனங்களுக்கு 2025 முதல் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் போகிறது, நிலுவை குறைந்தது சீக்கிரம் தெரியும். ஒரே ஒரு வங்கியில் மட்டும் விண்ணப்பியுங்கள். கிடைத்ததும் பில் தேதியைச் சம்பளத்துக்குத் தோதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். 1 தேதி சம்பளம் என்றால் கெடு 5 தேதி வாக்கில் விழுகிற மாதிரி.